225இல் 159 கையில் இருக்கும் கட்சி எந்த இடத்தில் தன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

கேள்வி: சுன்னாகச்சந்தை

இலங்கையில் 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி பாராளுமன்றத்தின் 225இல் 159 ஆசனம் எடுத்தது. மூன்றில் இரண்டுக்கு 150 போதும். விகிதாசார முறை வந்த பிறகு ஒரே பட்டியலில் கேட்டு, கட்சி தாவியவர் யாரும் இல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. யாழ்ப்பாணத்திலேயே ஆறில் மூன்று அவர்களுக்குப் போனது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பாராளுமன்றத்துக்குப் புதியவர்கள்.

இதைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இரண்டு குரல்தான் கேட்கிறது. "சனம் ஆணை தந்துவிட்டது, குறுக்கே நிற்காதீர்கள்" என்பது ஒன்று. "மூன்றில் இரண்டு என்றாலே கேடு" என்பது மற்றது. இரண்டாலும் எனக்குப் பயனில்லை.

என் கேள்வி இது: இவ்வளவு பெரிய பெரும்பான்மை பொறுப்போடு நடக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? ஒரு சட்டமூலம் போகும் பாதையில் எந்தக் கட்டத்தில் தவறு நடக்கும்? எந்த அதிகாரத்தை இருந்தும் பயன்படுத்தாமல் விட வேண்டும்? "நேர்மை வேண்டும், வெளிப்படைத்தன்மை வேண்டும்" என்ற பதில்கள் வேண்டாம். எந்த உறுப்புரை, எந்த நாள், யார் கையில் என்று சொல்லுங்கள்.


பதில் 1: குழுநிலை

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். இலங்கையில் ஒரு சட்டத்தில் சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் அதன் பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. உறுப்புரை 80(3). இந்தியாவில் சட்டம் வந்து பத்து வருடம் கழித்தும் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி வீசலாம். இங்கே முடியாது. இங்கே இருப்பது ஒரே ஒரு சிறிய கதவு: சட்டமூலம் சபையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் வந்த பிறகு, இரண்டு வாரத்துக்கு மேற்படாத அவகாசத்துக்குள் பிரஜை ஒருவர் உறுப்புரை 121இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்தத் தீர்மானம் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்றாக இருக்கும். சாதாரண பெரும்பான்மை போதும். அல்லது மூன்றில் இரண்டு வேண்டும். அல்லது மூன்றில் இரண்டோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். 113, 120 ஆசனம் உள்ள அரசாங்கத்துக்கு இரண்டாவது பதில் ஒரு சுவர். "12ஆம் உறுப்புரையின் சமத்துவத்துக்கு இந்த வாசகம் முரண்" என்று நீதிமன்றம் சொன்னால் வாசகத்தை மாற்றியே ஆக வேண்டும். 159 உள்ள அரசாங்கத்துக்கு அதே பதில் திறந்த கதவு. உறுப்புரை 84இன்படி, அரசியலமைப்பைத் திருத்தாமலேயே, அதற்கு முரணான ஒரு சட்டத்தை மூன்றில் இரண்டோடு நிறைவேற்றலாம். முரண் முரணாகவே சட்டப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நடந்த உதாரணம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்றில் இரண்டோடு நிறைவேற்றுவோம் என்று அமைச்சரவை முன்கூட்டியே சான்றுபடுத்திவிட்டதால், சர்வஜன வாக்கெடுப்பு வேண்டுமா இல்லையா என்ற ஒரே கேள்விதான் நீதிமன்றத்துக்கு மிஞ்சியது. அடிப்படை உரிமைக்கு முரணா என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. மூன்று வருடத்துக்கென்று வந்தது. 1982இல் அந்தக் காலக்கெடுவையும் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே என் முதல் அளவுகோல்: "விசேட பெரும்பான்மை வேண்டும்" என்று உயர் நீதிமன்றம் சொன்னால், அரசியலமைப்பைத் திருத்தும் சட்டமூலம் தவிர்ந்த மற்ற எல்லாவற்றிலும், அரசாங்கம் தலைகளை எண்ணக்கூடாது, வாசகத்தைத் திருத்த வேண்டும். தன்னிடம் 113 மட்டுமே இருந்தால் எப்படி நடந்திருக்குமோ அப்படி. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சபை முதல்வர் எழுந்து ஒரு கூற்று விடுத்தால் போதும். சபைப் பதிவேடான ஹன்சாட்டில் பதிந்துவிடும், பிறகு மீறினால் எடுத்துக் காட்டலாம்.

இரண்டாவது, அதிகம் கவனிக்கப்படாத இடம்: குழுநிலைத் திருத்தம். உயர் நீதிமன்றம் பார்ப்பது வர்த்தமானியில் வந்த வாசகத்தை. இரண்டாம் வாசிப்பு முடிந்து முழுச் சபையும் குழுவாக மாறும்போது அமைச்சர் கொண்டுவரும் திருத்தத்தைப் பார்ப்பதற்கு நீதிமன்றத்துக்கு வழியில்லை. உறுப்புரை 77இன் கீழ் சட்டமா அதிபரின் அபிப்பிராயம் மட்டும்தான். சட்டமா அதிபரோ அரசாங்கத்துக்கே ஆலோசகர்.

2017 செப்டெம்பரில் நடந்தது இதுதான். மாகாண சபைத் தேர்தல் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 வீதம் என்று சொல்லும் சின்னச் சட்டமூலம் வந்தது. நல்ல விஷயம், யாரும் எதிர்க்கவில்லை. குழுநிலையில் அதன் வயிற்றுக்குள் முற்றிலும் வேறொரு தேர்தல் முறையே புகுத்தப்பட்டது: விகிதாசாரத்துக்குப் பதில் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை. திருத்தம் சட்டமூலத்தின் அடிப்படையிலிருந்து விலகக்கூடாது என்ற பத்தொன்பதாம் திருத்த வாசகம் அப்போது நடைமுறையில் இருந்தது. இருந்தும் என்ன, 80(3) கதவைச் சாத்திவிட்டது. புதிய முறைக்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே 139க்கு 0 என்று தோற்கடித்தது. அறிக்கையைச் சபையில் வைத்த அமைச்சரும் சேர்ந்தே எதிர்த்து வாக்களித்த விநோதம் அது. மீளாய்வுக் குழுவின் அறிக்கை வரவே இல்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை, தேர்தலும் இல்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது.

இன்னொன்று இணையப் பதிவுகள் பற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2024 ஜனவரி 24இல் 108க்கு 62. உயர் நீதிமன்றம் கேட்ட திருத்தங்கள் அனைத்தும் உள்ளே போகவில்லை என்று எதிர்க்கட்சி அன்றே கத்தியது. சபாநாயகர் பெப்ரவரி 1இல் கையெழுத்திட்டார். அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து தோற்றது. சட்டம் நின்றது.

இதைத் தவிர்க்க ஒரு பெரும்பான்மை செய்யக்கூடியது மிகச் சாதாரணமான வேலை:

குழுநிலைத் திருத்தங்களை விவாதத்துக்குக் குறைந்தது மூன்று அமர்வு நாட்களுக்கு முன், மூன்று மொழியிலும், பழைய வாசகம் ஒரு பக்கம், புதிய வாசகம் மறுபக்கம் என்று அச்சிட்டு எல்லா உறுப்பினருக்கும் கொடுப்பது. நீதிமன்றத் தீர்மானம் இருந்தால் மூன்றாவது நிரலாக "எந்தப் பந்திக்கு இந்தத் திருத்தம்" என்று சேர்ப்பது. சபாநாயகர் சான்றுரை எழுதுமுன் அந்த அட்டவணையைச் சபையில் சமர்ப்பிப்பது. திருத்தம் ஐந்தாறு வாசகத்தைத் தாண்டி, சட்டமூலத்தின் தலைப்புக்கே பொருந்தாமல் போனால், வாபஸ் வாங்கிப் புதிதாக வர்த்தமானியில் போடுவது. ஆறேழு வாரம் பிந்தும். 2017இல் அந்த ஆறேழு வாரத்தை மிச்சம் பிடித்ததற்குத்தான் வருடக்கணக்கில் மாகாண சபை இல்லாமல் இருக்கிறோம்.

தமிழ் வாசகம் பற்றியும் ஒன்று. ஏறக்குறைய எல்லாச் சட்டத்தின் கடைசிப் பிரிவும் "சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும்" என்ற பொருளில்தான் முடியும். கடைசி நிமிடத் திருத்தம் என்றால் தமிழ் உரையை ஒப்பிட்டுப் பார்க்க நேரமே இருக்காது. மூன்று நாள் என்று நான் சொல்வதற்கு அது பாதிக் காரணம்.


பதில் 2: ஊரெழு

உதெல்லாம் சரி. ஆனால் ஒண்டு கேக்கிறன். 61 வீதம் சனம் வோட்டுப் போட்டது அவை மெல்ல மெல்ல நடக்கவோ? ஒவ்வொண்டுக்கும் கலந்துரையாடல், அட்டவணை எண்டு இருந்தால் அஞ்சு வருசமும் அதிலையே போயிடும். 2015இலை வந்த ஆக்களும் உப்பிடித்தான். 2016இலை அரசியலமைப்பு நிர்ணய சபை எண்டு பாராளுமன்றம் முழுக்கக் கூடினவை, 2017இலை இடைக்கால அறிக்கை, 2019 ஜனவரியிலை வரைபு மேசைக்கு வந்தது. அதோடை சரி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுக்கிறதுக்கும் ஆறுதலாத்தான் நடக்க வேணுமோ? பலம் இருக்கேக்கை செய்யாமல் பிறகு எப்ப செய்யிறது?


பதில் 3: பழையஹன்சாட்

ஊரெழு அண்ணை கேட்டதில் நியாயம் இருக்கிறது. வேகம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக இருக்கத் தேவையில்லை. அரசாங்கத்தின் கையிலுள்ள அதிகாரத்தைக் குறைக்கும் சட்டம் எவ்வளவு வேகமாக வந்தாலும் பெரிய கெடுதி இல்லை. கூட்டும் சட்டம் மெல்லத்தான் வர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க ஒரே வாசகம் போதும், அதை நாளைக்கே செய்யலாம். அதற்குப் பதிலாக வரும் புதிய சட்டத்தில் கைது, தடுப்புக்காவல், ஒப்புதல் வாக்குமூலம் என்று அறுபது எழுபது பிரிவு இருந்தால் அதைத்தான் வாரக்கணக்கில் அலச வேண்டும். இரண்டையும் ஒரே பொதியாகக் கட்டி "இதை ஏற்றால்தான் அது போகும்" என்று கொண்டுவருவதுதான் எல்லா அரசாங்கத்துக்கும் பிடித்த வழி. பிரித்துக் கேளுங்கள்.

பெரிய பெரும்பான்மைகள் எப்படிக் கெட்டன என்று பார்த்தால் இந்த அளவுகோல் இன்னும் தெளிவாகும்.

1977இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140. ஆறில் ஐந்து. 1982இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கையோடு, பொதுத் தேர்தலுக்குப் பதிலாக, இருக்கும் பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார். 54.66 வீதம் ஆம். அதாவது விகிதாசாரத்தில் தேர்தல் நடந்திருந்தால் அந்த ஆறில் ஐந்து கரைந்திருக்கும். அதற்காகவே தேர்தலைத் தவிர்த்தார்கள். தன் உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை அவர் முன்பே வாங்கி வைத்திருந்தார். பெரிய பெரும்பான்மையின் பின்வரிசை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அந்தக் கடிதக் கட்டு போதும். நூற்றிருபது பேரோடு ஆளும் கட்சியில் பத்துப் பேர் முறைத்தால் அமைச்சர் இறங்கி வருவார். நூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் பத்துப் பேரை யார் கணக்கெடுப்பது?

1983 ஆகஸ்டில் ஆறாம் திருத்தம். பிரிவினைக்கு எதிரான சத்தியம் செய்யாதவர் ஆசனம் இழப்பார். 1977இல் 18 ஆசனம் வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணி அப்போது பிரதான எதிர்க்கட்சி, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து ஆசனம் இழந்தார்கள். பெரும்பான்மை தன் எதிர்க்கட்சியையே சட்டத்தால் சபைக்கு வெளியே அனுப்பியது. வடக்கு கிழக்கின் அரசியல் அதன் பிறகு எங்கே போனது என்று இந்த இழையில் எழுதத் தேவையில்லை.

2010 செப்டெம்பரில் பதினெட்டாம் திருத்தம். அந்த ஏப்ரலில் ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்குக் கிடைத்தது 144. வாக்கெடுப்பில் விழுந்தது 161. மிச்சம் எதிரணியிலிருந்து வந்தது. அவசர சட்டமூலம் என்று கொண்டுவந்ததால் நீதிமன்றத்துக்கு வாரங்கள் இல்லை, நாட்கள்தான். ஜனாதிபதிக்கு இரண்டு தவணை என்ற வரம்பு போனது, உயர் பதவி நியமனங்களைப் பார்க்கும் அரசியலமைப்புப் பேரவையும் போனது. 2020 ஒக்டோபரில் இருபதாம் திருத்தம் 156க்கு 65. இடையில் திரும்பி வந்திருந்த பேரவை மறுபடியும் போனது. சரியாக இரண்டு வருடத்தில், 2022 ஒக்டோபரில், 179 வாக்குகளோடு இருபத்தோராம் திருத்தம் வந்து அதைத் திருப்பி எழுதியது. இருபதுக்குக் கையுயர்த்தியவர்களில் எத்தனையோ பேர் இதற்கும் உயர்த்தினார்கள்.

இனி உயர் பதவியிலிருப்பவரை நீக்கும் விஷயம். இதில் ஒரே பாராளுமன்றக் கட்டடம் இரண்டு விதமாக நடந்திருக்கிறது. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க நீக்கப்பட்டார், 155க்கு 49. விசாரித்தது 11 பேர் கொண்ட பாராளுமன்றத் தெரிவுக்குழு. ஏழு பேர் ஆளுங்கட்சி, நான்கு எதிர்க்கட்சியினர் இடையில் வெளியேறினார்கள். குற்றம் சாட்டியவர்கள், விசாரித்தவர்கள், தீர்ப்பெழுதியவர்கள், வாக்களித்தவர்கள் எல்லாம் ஒரே அணி. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குழுவின் அறிக்கையையே செல்லாது என்றது, சபை கேட்கவில்லை.

2025 ஆகஸ்டில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோன் நீக்கப்பட்டார், ஆதரவாக 177. இது 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். விசாரணைக் குழுவில் உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர், பொலிஸ் ஆணைக்குழுத் தலைவர், சபாநாயகர் நியமிக்கும் இன்னொருவர், எம்.பி. எவரும் இல்லை. சாட்சி கேட்டார்கள், அறிக்கை வந்தது, பிறகே வாக்கெடுப்பு. 159 பேர் கையில் இருந்தும் எதிர்க்கட்சியும் சேர்ந்து வாக்களிக்கும் அளவுக்கு அந்த நடைமுறை நின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யார் விசாரித்தது என்பதில்தான். நீதியரசர்களை நீக்குவதற்கும் இப்படி ஒரு வெளிக்குழுவைச் சட்டமாக்கி வைப்பது, யாரையும் நீக்கும் எண்ணம் இல்லாத காலத்தில் செய்ய வேண்டிய வேலை.

அதற்காக எல்லாவற்றையும் பாராட்டவும் வேண்டாம். 2025 செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் உரித்துகளை நீக்கிய சட்டத்துக்கு 151 பேர் ஆம், ஒருவர் இல்லை. சரியான சட்டம்தான். ஆனால் அது கட்டுப்பாட்டுக்குச் சோதனை அல்ல. எதிராளியின் வசதியைக் குறைப்பது எந்தப் பெரும்பான்மைக்கும் இலகு.


பதில் 4: வர்த்தமானிவாசகன்

மேலே இரண்டு பேரும் சட்டமூலத்தைப் பற்றியே பேசினீர்கள். சனத்தின் தலையில் விழுவது பெரும்பாலும் சட்டமூலம் அல்ல, வர்த்தமானி. ஏற்கெனவே உள்ள சட்டத்தின் கீழ் அமைச்சரோ திணைக்களமோ ஒரு அறிவித்தல் போடும். பாராளுமன்றத்துக்கு அனுமதிக்காக வரும் ஒழுங்குவிதிகளும் நான்கைந்து சேர்த்து ஒரு பின்னேரத்தில் போய்விடும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதித் தடை அப்படித்தான் வந்தது: 1969ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு ஒழுங்குவிதி. மூன்றில் இரண்டு பலத்தோடு இருந்த ஆளுங்கட்சியில் விவசாய மாவட்டத்து உறுப்பினர்கள் இருந்தார்கள்; ஒரு போகத்துக்கு எவ்வளவு யூரியா வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா? கேட்கவில்லை, அல்லது கேட்டும் காது கொடுக்கப்படவில்லை. நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கியிருந்தது.

2025 மார்ச் 28இல் வந்த காணி வர்த்தமானி நமக்கு இன்னும் கிட்ட. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. போரில் உறுதி தொலைத்தவர், வெளிநாட்டில் இருப்பவர், தாத்தா பெயரில் உறுதி உள்ளவர் எல்லோருக்கும் அதே மூன்று மாதம். எதிர்ப்பு வந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கம் வர்த்தமானியை மீளப் பெற்றது. மீளப் பெற்றது நல்லது. ஆனால் வடக்கிலிருந்து ஆளுங்கட்சிக்கே ஐந்து உறுப்பினர்கள் இருக்கும்போது அது அச்சுக்குப் போகுமுன் யாரும் வாசிக்கவில்லையா என்பதுதான் கேள்வி.

நடைமுறையில் செய்யக்கூடியது: ஒழுங்குவிதிகளை அனுமதிக்கு முன் சம்பந்தப்பட்ட துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்பி ஒரு அமர்வாவது வைப்பது. பாதிக்கப்படும் மாவட்டத்தின் செயலாளரையும் விவசாயிகளையும் மீனவர்களையும் அந்த அமர்வுக்கு அழைப்பது. காலக்கெடு வைத்த அறிவித்தல் என்றால் தமிழில் அதே நாளில், கிராம அலுவலர் பலகை வரைக்கும் போனதை உறுதிப்படுத்திய பின்பே நாள் எண்ணத் தொடங்குவது.

பாராளுமன்றக் குழுக்கள் பற்றி. கோப், கோபா, அரசாங்க நிதி பற்றிய குழு, மூன்றும் மூன்று வேலை. கோப் அரச கூட்டுத்தாபனங்களை, கோபா திணைக்களங்களை, நிதிக் குழு வரப்போகும் வரி, கடன், செலவு எல்லாவற்றையும் பார்க்கும். முதல் இரண்டும் நடந்து முடிந்த செலவைப் பார்ப்பவை. நிதிக் குழு ஒன்றுதான் காசு போகுமுன் பார்ப்பது. அதன் தலைமை எதிர்க்கட்சியின் ஹர்ஷ டி சில்வாவிடம் இருப்பது சரியான ஏற்பாடு. கோப் குழுவின் தலைமை ஆளுங்கட்சியிடம். அதையும் விட்டுக்கொடுக்கலாம், எப்படியும் உறுப்பினர் எண்ணிக்கை ஆளுங்கட்சிக்கே அதிகம், தலைமை போனால் இழப்பது நிகழ்ச்சி நிரலின் மேல் உள்ள பிடியை மட்டும்தான்.

குழு அறிக்கைக்கு அமைச்சர் எட்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராத அமைச்சின் பெயர்களை மாதம் ஒருமுறை சபையில் வாசித்தாலே பாதிப் பேர் அனுப்பிவிடுவார்கள். கோப் அமர்வுகள் தொலைக்காட்சிக்கு நல்ல தீனி, அதிகாரியைத் திட்டும் காட்சி பரவும். ஒன்பதாவது வாரம் அந்தக் கோப்பு எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை.

அரசியலமைப்புப் பேரவையையும் சொல்ல வேண்டும். பத்துப் பேர். பிரதமர், சபாநாயகர், ஜனாதிபதி நியமிக்கும் எம்.பி., ஆளுங்கட்சி எம்.பி. என்று அரசாங்கப் பக்கம் நான்கு. எதிர்க்கட்சித் தலைவர், அவர் கட்சியின் ஒருவர், மற்றக் கட்சிகளின் ஒருவர் என்று மூன்று. வெளியாட்கள் மூன்று. 159 இருந்தாலும் இந்த மேசையில் நான்குதான். நீதியரசர், கணக்காய்வாளர் நாயகம், ஆணைக்குழுக்கள் எல்லாம் இந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அரசாங்கம் அனுப்பும் பெயரைப் பேரவை மறுத்தால் வேறு பெயரை அனுப்புவதுதான் முறை. அதே பெயரைத் திரும்பத் திரும்ப அனுப்புவதும், ஆளில்லாமல் பதில் கடமைக்கு ஒருவரை வைத்து இழுப்பதும் சட்டவிரோதம் அல்ல. ஆனால் 2010, 2020இல் பேரவையைக் கலைத்ததன் சின்ன வடிவம் அதுதான்.

உறுப்பினர் ஒழுக்கம் பற்றிச் சுருக்கமாக. புதிய பாராளுமன்றம் 2024 நவம்பர் 21இல் கூடியது. டிசம்பர் 13இல் சபாநாயகர் அசோக ரன்வல கலாநிதிப் பட்டம் பற்றிய சர்ச்சையில் பதவி விலகினார். விலகியது சரி. அதற்கு முந்தைய வேலை கட்சியுடையது: வேட்பாளர் எழுதித் தந்த தகைமைக்குச் சான்றிதழ் பிரதி வாங்கிக் கோப்பில் வைப்பது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி சொத்து, பொறுப்பு விபரம் வருடாவருடம் இலஞ்ச ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். அது இணையத்திலும் வெளியாகும். கெடுவுக்கு ஒரு வாரம் முன் தன் 159 பேரும் கொடுத்தாயிற்றா என்று கட்சியின் பிரதம கொறடா எண்ணிப் பார்ப்பதில் ஒரு நாள் வேலைகூட இல்லை.


சுன்னாகச்சந்தை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். முதலாவது, பின்வரிசை. கட்சி எடுத்த முடிவுக்கு எதிராக வாக்களித்தால் ஆசனம் போகாதா? இரண்டாவது, மாகாண சபை. "எல்லை நிர்ணயம் முடியட்டும்" என்று ஒவ்வொரு அரசாங்கமும் சொல்கிறது. பழைய முறைக்குத் திரும்ப உண்மையில் என்ன வேண்டும்? மூன்றில் இரண்டு வேண்டுமா?


பதில் 5: குழுநிலை

முதலாவதுக்கு: எதிர்த்து வாக்களித்தால் தானாக ஆசனம் போகாது. இந்தியாவின் கட்சித்தாவல் சட்டம் வேறு, இங்கே வேறு. உறுப்புரை 99(13)இன்படி கட்சி அவரை உறுப்புரிமையிலிருந்து நீக்கினால், ஒரு மாதத்தில் ஆசனம் வெறிதாகும். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றம் போகலாம். நீக்கம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால் ஆசனம் தப்பும். விசாரணை இல்லாமல், விளக்கம் கேட்காமல் நீக்கியிருந்தால் அது செல்லாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே 159 பேருக்கும் உண்மையில் கொஞ்சம் இடம் இருக்கிறது. கட்சி செய்யக்கூடிய நல்ல காரியம், வரவு செலவுத் திட்டமும் நம்பிக்கைப் பிரேரணையும் தவிர மற்றவற்றின் குழுநிலையில் கொறடா உத்தரவு இல்லை என்று அறிவிப்பது. ஒன்பது பேர் எதிர்த்தாலும் 150 நிற்கும். சாதாரண சட்டமூலத்துக்கு 113கூடத் தேவையில்லை. வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும், சபைக்கு நடப்பெண் வெறும் 20, அதுவும் யாராவது எழுந்து சுட்டிக்காட்டினால்தான். 20 பேர் இருக்கும் சபையில் 11 கை ஒரு சட்டத்தை நிறைவேற்றும். அரசியலமைப்பைத் திருத்தும் சட்டமூலத்துக்கும், நான் முன்பு சொன்ன 84இன்படி அதற்கு முரணாக வரும் சட்டமூலத்துக்கும்தான், வராதவரையும் சேர்த்து மொத்த 225இன் மூன்றில் இரண்டு.

இரண்டாவதுக்கு: வேண்டாம். சாதாரண பெரும்பான்மை போதும். 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மாகாண சபைத் தேர்தல் சட்டத்தில் 2017இன் 17ஆம் இலக்கத் திருத்தம் செய்த மாற்றங்களை நீக்கி, முன்பிருந்த பிரிவுகளை மீண்டும் வைப்பது, பெண்களுக்கான 30 வீதத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்வது. சில பக்கச் சட்டமூலம். எம். ஏ. சுமந்திரன் இதைத் தனிநபர் சட்டமூலமாகவே முன்பு கொண்டுவந்தார். வாசகம் ஏற்கெனவே இருக்கிறது. வர்த்தமானி, மனுக்காலம், நீதிமன்றத்தின் மூன்று வாரம், இரண்டாம் வாசிப்பு, குழுநிலை எல்லாம் சேர்த்தாலும் மூன்று மாதத்துக்குள் முடியும். எல்லை நிர்ணய வழியில் போனால் புதிய குழு, அறிக்கை, சபையில் மூன்றில் இரண்டு, கிடைக்காவிட்டால் மீளாய்வுக் குழு என்று 2018இல் நின்ற அதே இடத்துக்கே போய் நிற்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சட்டமூலம் வரும் நாளில் குழுநிலைத் திருத்தத் தாளை வாங்கிப் பாருங்கள். தேர்தல் முறை பற்றிய வேறு எதுவும் அதற்குள் இருந்தால், 2017தான் திரும்பி வந்திருக்கிறது.


பதில் 6: ஊரெழு

மூண்டு மாதம் எண்டு சொல்லிப்போட்டியள். அப்ப உதிலை நான் கேட்ட வேகத்துக்கு ஒருத்தரும் குறுக்கை நிக்கேல்லை. கடைசியா ஊவா மாகாணத்திலை மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பர். அதுக்குப் பிறகு ஒரு மாகாணத்திலையும் இல்லை. சட்டத்தை மாத்திறதுக்கு ஆக்கள் காணாது எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது.